எட்டாவது டப்பா

"ஏழு வீட்டுக்காரங்களும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க, அண்ணி. பரீட்சையில காப்பியடிக்கிறவன்கூட நடுவுல ஒரு வரியை மாத்தி எழுதுவான்."

கொழுந்தன் காகிதங்களை விசிறியாக்கி முகத்துக்கு நேராக வீசிக்கொண்டிருந்தான். சர்வேயர் அவன் கையிலிருந்து அவற்றைப் பிடுங்கினார். சாட்சியத்தால் விசிறிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது.

காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம், எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் நேரில் பார்த்து அறிக்கை எழுதியவர் அவர். வேலையை விட்ட பிறகும் சர்வேயர் என்ற பெயர் அவரை விடவில்லை. தனியாகத் துப்பறிய ஆரம்பித்தபோது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த கணவரின் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டார். அவனுக்குப் படம் எடுக்கத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

இருவரும் நின்றிருந்தது நான்கு தளமும் எட்டு வீடும் கொண்ட ஒரு குடியிருப்பின் வாசலில். மணி இரண்டு இருபது. வெயில் நாற்பத்து மூன்று டிகிரி.

கோடை பிறந்ததிலிருந்து அந்தப் பகுதியில் தினமும் இரண்டு முதல் நான்கு வரை மின்வெட்டு. அந்த நேரத்துக்கென்று குடியிருப்பில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. வீட்டுக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் அதில் ஓடலாம். ஏசி கூடாது. மேல் தளத்தில் எட்டாம் எண் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. அங்கே இருந்த பழைய பஸ் டிரைவருக்கு நுரையீரல் பழுது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அரை மணி நேரம் தாங்கமாட்டார்.

மூன்று நாளைக்கு முன் மூன்று பத்துக்கு ஜெனரேட்டர் நின்றது. ஐம்பது நிமிடம் நின்றே இருந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாற்று சிலிண்டர் கட்டிலிலிருந்து நான்கு அடி தள்ளி இருந்தது. அந்த நான்கு அடியை டிரைவரால் கடக்க முடியவில்லை. இன்னும் ஐ.சி.யூ.வில் கண் திறக்காமல் கிடக்கிறார்.

பழி விழுந்தது ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன்மேல். டீசல் ஊற்ற மறந்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டம். அது முடிந்ததும் குடியிருப்புச் செயலாளர் புகாரைப் போலீஸில் கொடுப்பார். ஏழு வீட்டு வாக்குமூலமும் அதோடு இணைப்பு.

சர்வேயரிடம் வந்தது எலக்ட்ரீஷியனின் மனைவி. தையல்காரி. காலையில் வந்தவள் உட்காரவே இல்லை.

"அவர் பொய் சொல்றாருங்க. அன்னிக்குக் காலையில டீசல் ஊத்திட்டுதான் வந்தாரு. சட்டை பூரா டீசல் நாத்தம். நான்தான் துவைச்சேன். எதுக்குப் பொய் சொல்றீங்கன்னு கேட்டா செவுத்தைப் பார்க்கிறாரு. ஜெயிலுக்குப் போறதுக்கு இப்படி அவசரப்படுற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா?"

சர்வேயர் பார்த்ததில்லை. அதனால்தான் வந்தார்.

"சத்தமா படி" என்றார் இப்போது.

கொழுந்தன் படித்தான். "'ஆக்சிஜன் மெஷினின் அலாரம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.' இது ஏழாம் நம்பர். 'அலாரம் எதுவும் கேட்கவில்லை.' இது அஞ்சு. ஒண்ணாம் நம்பர் கொஞ்சம் இலக்கியமா எழுதியிருக்காரு, 'சிறு ஒலியும் செவியில் விழவில்லை.'"

"மேல போ. நான் இங்கயே நிக்கிறேன். எட்டாம் நம்பர்ல டிரைவர் பொண்ணு வந்திருக்கு, அதுகிட்ட சொல்லிட்டு மெஷினைப் போடு. ஒரு நிமிஷம் கழிச்சு பிளக்கைப் பிடுங்கு."

"மூணு மாடி ஏறணும், அண்ணி. நான் விழுந்தா எனக்கு யாரு மெஷின் வைப்பா?"

"போடா."

போனான். ஐந்து நிமிடம் கழித்து, மின்சாரம் போன மெஷினின் அலாரம் அலறத் தொடங்கியது. காதில் ஊசி ஏற்றுவது போன்ற சத்தம். வாசலில் நின்ற சர்வேயருக்குத் தெளிவாகக் கேட்டது. எதிர் வரிசைக் கடையில் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

அடுத்து நடந்ததைத்தான் சர்வேயர் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஏழு வீட்டுக் கதவும் திறந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று ஆளுக்கு ஒரு குரல். இரண்டாம் தளத்து டியூஷன் டீச்சர் கையில் சாக்பீஸோடு ஓடிவந்தார்.

செயலாளருக்கு ஏழாம் எண் வீடு, எட்டுக்கு நேர் எதிரே. முதலில் வந்தவர் அவர்தான். கொழுந்தன் கையில் பிளக்கைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"என்ன விளையாட்டு இது? மனுஷங்க பயப்படமாட்டாங்களா?"

"பயந்தீங்கல்ல, சார். நல்லது" என்றான் கொழுந்தன். "இன்னிக்குக் காது எல்லாருக்கும் பிரமாதமா வேலை செய்யுது. எந்த டாக்டர்?"

மூச்சு வாங்க மேலே வந்த சர்வேயர் செயலாளரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த ஏழாம் எண் வீட்டைப் பார்த்தார். கூடத்தில் இரண்டு ஜன்னல், படுக்கையறையில் ஒன்று. எல்லாம் விரியத் திறந்திருந்தன. திரைச்சீலைகள்கூட ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"நல்லா காத்து வருது" என்றார் சர்வேயர்.

"பின்ன, கரண்ட் இல்லாத நேரத்துல ஜன்னலைத் திறக்காம என்ன பண்றது?" என்று செயலாளர் எரிந்து விழுந்தார்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

எட்டாம் வீட்டுக்குள் மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனையிலிருந்து உடை மாற்றிக்கொள்ள வந்தவள். முப்பது வயதிருக்கும். தூங்காத கண்கள்.

"எதுக்கு இந்தச் சோதனையெல்லாம்? அந்த ஆளே ஒத்துக்கிட்டாரு. என் மூஞ்சியைப் பார்த்து, டீசல் ஊத்த மறந்துட்டேம்மான்னு சொன்னாரு. மறக்கிற விஷயமா அது? உள்ள ஒரு உயிர் இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? அவருக்காகப் பேச வந்திருந்தீங்கன்னா கிளம்புங்க."

"யாருக்காகவும் பேச வரலம்மா. அன்னிக்கு அப்பாவை முதல்ல பார்த்தது யாரு?"

"டப்பாக்கா. கீழ கூட்டிப் பெருக்குறவங்க. வெளிய போயிட்டு மூணரைக்கு வந்திருக்காங்க. கேட்டுகிட்ட வரும்போதே அலாரம் கேட்டிருக்கு. எங்க வீட்டு ஒரு சாவி அவங்ககிட்ட இருக்கும், ஓடிவந்து திறந்திருக்காங்க." அவள் ஏழாம் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "தெருவுல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சு. ஆறடி தள்ளி இருந்தவங்களுக்குக் கேட்கல. எங்க அப்பா தலையெழுத்து."

"தலையெழுத்து இல்ல" என்றார் சர்வேயர்.

படி இறங்கும்போது கொழுந்தன் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, அன்னிக்கு இந்த ஜன்னலெல்லாம் மூடியிருந்திருக்கு. சரியா?"

"கரண்ட் இல்ல. வெயில் கொளுத்துது. வீட்டை அடைச்சுக்கிட்டு யாரு உக்காருவா?"

"ரெண்டு பேரு. ஒண்ணு, எங்க பெரியப்பா. இன்னொண்ணு, ஏசி போட்டவன்."

"உங்க பெரியப்பா இங்க குடியிருக்காரா?"

"இருந்தா ஏழு வீடும் எப்பவோ காலியாகியிருக்கும்."

ஜெனரேட்டர் கொட்டகை பின்பக்கம் இருந்தது. எலக்ட்ரீஷியன் அதன் வாசல் நிழலில் குந்தியிருந்தார். வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இருந்தாலும் இரண்டு மணிக்கு வந்து மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் அவரை விடவில்லை.

சர்வேயர் அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். அன்றைய அழைப்புகள் அழிக்கப்படாமல் இருந்தன. முதல் அழைப்பு செயலாளரிடமிருந்து, மூன்று முப்பத்திரண்டுக்கு. அடுத்த நான்கு நிமிடத்தில் மற்ற ஆறு வீட்டிலிருந்தும்.

"ஜெனரேட்டர் நின்னது மூணு பத்துக்கு. புகார்லயே எழுதியிருக்காங்க" என்றார் சர்வேயர். "வழக்கமா நின்னா எத்தனை நிமிஷத்துல கூப்பிடுவாங்க?"

"நிமிஷமா? நிக்கிறதுக்குள்ள கூப்பிடுவாங்க" என்றார் எலக்ட்ரீஷியன், தரையைப் பார்த்தபடி. "ஃபேன் மெதுவா சுத்துதுன்னாலே ஏழு பேரும் திட்டுவாங்க."

"அன்னிக்கு இருபத்திரண்டு நிமிஷம் யாருக்கும் கோபம் வரல" என்றான் கொழுந்தன். "எல்லாரும் தியானத்துல இருந்திருக்காங்க."

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. சர்வேயர் அவர் எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"வண்டியில நாலு மணிக்கு வந்தீங்க. டீசல் கேன் கொண்டு வந்தீங்களா?"

அவர் பார்வை தன் கைகளுக்குப் போனது.

"வெறுங்கையோட வந்து, விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டீங்க. அப்போ டேங்க்ல டீசல் இருந்திருக்கு. பாரம் தாங்காமத்தான் நின்னிருக்கு. யாரைக் காப்பாத்துறீங்க? செயலாளரையா?"

அவர் நிமிர்ந்தார். கண்ணில் முதல்முறையாகக் கோபம் தெரிந்தது.

"அந்த ஆளையா? எட்டாம் நம்பர் வீட்டுக்குத் தனியா ஒரு பேட்டரி வைக்கணும்னு மார்ச்சுலயே சொன்னேன். ஒரு வீட்டுக்காக எட்டு வீடு செலவு பண்ணணுமான்னு கேட்டு, கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு முடிச்சவரு அவரு. அவரைக் காப்பாத்த எனக்கென்ன வேண்டுதலா?"

"பின்ன?"

எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டரைப் பார்த்தபடி சொன்னார். "அந்தப் பொண்ணு அழுதுச்சுங்க. வெயில்ல அப்பாவுக்கு மூச்சு இன்னும் திணறுதுண்ணே, அவர் ரூம் ஏசியை மட்டும் ஜெனரேட்டர்ல குடுங்கன்னு. பத்து நாளைக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம நான்தான் லைன் மாத்திக் குடுத்தேன். மாத்திட்டு அளந்தும் பார்த்தேன். தாங்கும்னு கணக்கு வந்துச்சு. இன்னும் ஒரு ஏசிக்குக்கூட இடம் இருந்துச்சு, செயலாளர்கிட்டயும் அந்த அளவை மட்டும் சொன்னேன். அன்னிக்கு எங்கயோ தப்பாப்போச்சு. நான் குடுத்த ஏசிதான் மெஷினைப் படுக்க வச்சிருக்கு. அதை அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? நீ கேட்ட ஏசிதான் உங்க அப்பாவை இப்படிப் போட்டுடுச்சுன்னா? அதுக்கு டீசல் மறந்தவனாவே இருந்துட்டுப் போறேன். அது என்னைத் திட்டட்டும். தன்னைத் திட்டிக்க வேண்டாம்."

கொழுந்தன் வாயைத் திறந்தான். பேசாமலே மூடினான். அது அபூர்வம்.

சர்வேயர் எழுந்தார். ஜன்னல்களை வைத்துக் கட்டிய கணக்கில் இப்போது ஓட்டை விழுந்திருந்தது. எட்டாம் வீட்டு ஏசியும் ஓடியிருந்தால், ஏழு பேரும் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள். ஜன்னலை மூடியது தூசிக்காக என்பார்கள். மூன்று நாளைக்கு முன் எந்த ஏசி ஓடியது, எது ஓடவில்லை என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது?

சொத்தென்று அவர் தோளில் ஒரு துளி விழுந்தது.

அண்ணாந்து பார்த்தார். பின்சுவர் முழுக்க ஏசிகளின் தண்ணீர்க் குழாய்கள் தொங்கின. தளத்துக்கு இரண்டாக எட்டு. இரண்டு மணிவரை ஓடிய ஏசியின் கடைசித் தண்ணீர் அவற்றில் ஒன்றிலிருந்து சொட்டி முடிந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் நேர் கீழே ஒரு பழைய பெயிண்ட் டப்பா. டப்பாவில் வீட்டு எண்.

"இதெல்லாம் யாரு வச்சது?"

"அட, அதுதானே டப்பாக்கா" என்றார் எலக்ட்ரீஷியன். "அந்தப் பேரே அதுல வந்ததுதான்."

டப்பாக்கா படிக்கட்டின் அடியில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஆள் இல்லை.

"கரண்ட் போனா மோட்டார் ஓடாது, குழாயில தண்ணி வராது. படி துடைக்க நான் எங்க போறது? அதான் இந்தத் தண்ணி. ரெண்டு மணிக்கு எல்லா டப்பாவையும் டிரம்முல கவுத்துட்டு, காலி டப்பாவைத் திரும்ப வச்சிடுவேன்."

"கரண்ட் போன பிறகு எதுக்கு வைக்கிறீங்க? அப்புறம் சொட்டாதே?"

டப்பாக்கா அவரை விநோதமாகப் பார்த்தார். "ஏன் சொட்டாது? இப்ப ஒரு வாரமா கரண்ட் இல்லாத நேரத்துலயும் சொட்டுதே. ஒரு நாளைக்கு ரெண்டு டப்பா, ஒரு நாளைக்கு மூணு. வெயில் ஏற ஏறக் கூடிச்சு. பெரிய மனுஷங்க வீடு, எப்படியோ ஓட்டுறாங்கன்னு நினைச்சேன். ஏன், ஓட்டக்கூடாதா?"

"அண்ணி" என்றான் கொழுந்தன், "எனக்கு இந்தம்மா காலைத் தொடணும் போல இருக்கு."

"அன்னிக்கு?" என்றார் சர்வேயர். "ஐயாவைப் பார்த்த அன்னிக்கு எத்தனை டப்பா?"

டப்பாக்காவின் கை துடைப்பத்தில் நின்றது.

"அதை எப்படிம்மா மறப்பேன். மேல போய்ப் பார்த்தா மனுஷன் உதடெல்லாம் நீலமா கிடக்காரு. உடம்பு அனலா கொதிக்குது. சிலிண்டரைத் திறக்க எனக்குத் தெரியல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, துடைச்சுவிடலாம்னு குழாயைத் திறந்தா தண்ணி இல்ல. கீழ ஓடிவந்து எட்டு டப்பாவையும் ஒரு வாளியில கவுத்தேன். ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் எல்லாத்துலயும் பாதி டப்பா. எட்டாவதைத் தூக்கினா வெறும் டப்பா. ஐயா வீட்டுது. அது எப்பவும் அப்படித்தான். ரெண்டு மணிக்கு மேல அதுல ஒரு சொட்டு இருக்காது."

சர்வேயர் டப்பாக்கா எதிரில் படியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "எப்பவுமேவா? இந்தப் பத்து நாளும்?"

"ஆமா. நான்கூட ஒரு நாள் கேட்டேன். உங்க ரூமுக்கு இப்ப லைன் குடுத்திருக்காங்களே ஐயா, புழுக்கத்துல கிடக்கீங்களே, போட்டுவிடவான்னு. வேண்டாம்னுட்டாரு. 'முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். கூடுதலா ஒரு ஆள் ஏறினாலும் எனக்கு வண்டி சொல்லிடும். என் மூச்சு அந்த ஜெனரேட்டர்ல ஓடுது. அதுமேல நானே ஏறி உக்காருவேனா? பொண்ணுகிட்ட சொல்லிடாத, வருத்தப்படும்'னாரு."

ஆறு மணிக் கூட்டம் கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை. மகள் ஓரமாக நின்றிருந்தாள். எலக்ட்ரீஷியனும் மனைவியும் தூணுக்குப் பின்னால். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"இது நம்ம எல்லாருக்கும் வேதனையான விஷயம்..."

கொழுந்தன் எட்டு டப்பாவையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தான். ஏழில் பாதியளவு தண்ணீர் ஊற்றியிருந்தான். எட்டாவது காலி.

"இது என்ன?" என்றார் செயலாளர்.

"உங்க ஏழு வீட்டு வாக்குமூலம்" என்றார் சர்வேயர். "நீங்க எழுதிக் குடுத்ததைவிட இது தெளிவா இருக்கு."

அவர் நீட்டி முழக்கவில்லை. மூடிய ஜன்னல், இருபத்திரண்டு நிமிடம், பாதி டப்பா. மூன்றையும் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். டப்பாக்கா நடுவில் இரண்டு முறை ஆமாம் என்றார்.

டியூஷன் டீச்சர்தான் முதலில் உடைந்தார். "ஃப்ரிட்ஜைக் கழட்டிட்டு அந்த பிளக்ல ஒரு ஒயரை இழுத்து மாட்டினோம். ஒரே ஒரு ஏசிதாங்க. போர்டுல செயலாளரே ஒட்டியிருந்தாரு. ஜெனரேட்டரைச் சோதிச்சாச்சு, இன்னும் ஒரு ஏசி ஓடுற அளவுக்கு இடம் இருக்கு, கவலை வேண்டாம்னு. ஒண்ணுதானேன்னு..."

"நாங்களும் ஒண்ணுதான் போட்டோம்" என்றார் ஒன்றாம் வீட்டுக்காரர்.

"நாங்களும்."

சொல்லிவிட்டு அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீதி இருந்த ஒரே ஒரு இடத்தில் ஏழு பேரும், தான் மட்டும் என்று நினைத்து ஏறியிருந்தார்கள்.

"மெஷின் நின்னதும் உங்களுக்கெல்லாம் புரிஞ்சுபோச்சு" என்றார் சர்வேயர். அவர் குரல் உயரவில்லை. அதுதான் கேட்பவர்களுக்குப் பயமாக இருந்தது. "எலக்ட்ரீஷியன் வந்தா ஒயர் கண்ணுல படுமேன்னு, முதல்ல ஒயரைச் சுருட்டினீங்க. ஃப்ரிட்ஜை இடத்துல தள்ளினீங்க. அப்புறம்தான் போனை எடுத்தீங்க. அந்த இருபத்திரண்டு நிமிஷமும் ஆறடி தள்ளி அலாரம் அடிச்சுது. ஜன்னலைத் திறக்கக்கூட உங்களுக்கு நேரம் இல்ல."

"எட்டாம் நம்பர்லயும் ஏசிக்கு லைன் குடுத்திருக்காரு, எனக்குத் தெரியும்" என்று செயலாளர் கத்தினார். "அதையும் சொல்லுங்க."

மகள் விறைத்து நின்றாள். எலக்ட்ரீஷியன் தூணை விட்டு வெளியே வந்தார். "சார், அது வேண்டாம்."

"சொல்றேன்" என்றார் சர்வேயர். "குடுத்தாரு. அந்தப் பொண்ணு கேட்டு, இவரு குடுத்தாரு. அதுதான் மெஷினை நிறுத்திடுச்சுன்னு நினைச்சு, அது இந்தப் பொண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு டீசல் பொய்யைச் சொன்னாரு. ஆனா அந்த ஏசி ஒரு நாளும் கரண்ட் இல்லாத நேரத்துல ஓடல. டிரைவர் ஐயா போடவே இல்ல."

மகள் காலி டப்பாவை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். அடியில் காய்ந்த பெயிண்ட் மட்டும் இருந்தது.

"புழுக்கமா இருக்காப்பான்னு தினம் போன்ல கேட்பேன்" என்றாள். "ஜில்லுன்னு இருக்கும்மான்னு சொல்வாரு."

அவள் டப்பாவை வைத்துவிட்டு மேசைமேல் இருந்த புகாரை எடுத்தாள். எலக்ட்ரீஷியனின் பெயரை அடித்தாள். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்தாள். அதற்கு மேலே ஒன்று முதல் ஏழு வரை வீட்டு எண்களை எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றார் செயலாளர். அவர் குரல் இப்போது வேறாக இருந்தது. "நாம எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. பேசி முடிச்சுக்கலாம். நாளைக்கு அப்பா திரும்பி வந்தா அக்கம்பக்கம் வேணாமா?"

"வந்தா" என்றாள் அவள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டப்பாக்காவின் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா. ஸ்டேஷனுக்குப் போயிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

கொழுந்தன் வண்டிச் சாவியை எடுத்தான்.

அவர்கள் கிளம்பிய பிறகு எலக்ட்ரீஷியன் மனைவியிடம் பையைக் கேட்டு வாங்கினார். அதிலிருந்து ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு படியேறினார். செயலாளர் பின்னாலேயே ஓடினார். "எங்க போறீங்க? என்ன பண்ணப் போறீங்க?"

ஏழாம் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மூன்று வருடமாக அந்த வீட்டில் பல்பு மாற்றப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு நுழைந்தவர் எலக்ட்ரீஷியன்.

இன்று செருப்பைக் கழற்றவில்லை. கேட்கவும் இல்லை. நேராக ஃப்ரிட்ஜை நோக்கி நடந்தார்.